எழுதுகிறவன் வீட்டுக்கு எந்த இயங்குதளம்?

பதினொரு ஆண்டுகள் உழைத்த வீட்டுக் கணினி சென்ற மாதம் ஒரு மாலையில் நின்றுபோனது. புதிதாக ஒன்று வாங்கவேண்டியதாயிற்று. பெரிய தேவைகள் ஏதுமில்லை. நான் எழுதவும் படிக்கவும், மகள் கல்லூரிக் கட்டுரைகளைத் தயாரிக்கவும், மனைவி கட்டணங்கள் செலுத்தவும் ஊரிலிருக்கும் தங்கையோடு முகம்பார்த்துப் பேசவும் வேண்டும். அவ்வளவுதான். கடைத்தெருவில் ஒரு கடையில் அமர்ந்து மதர்போர்டு, ரேம், மானிட்டர் என ஒவ்வொன்றாகத் தேர்ந்து பட்டியல் போட்டோம். ரேம் எட்டு ஜிபியா பதினாறா என்பதில் கடைக்கார இளைஞர் எனக்குக் கால்மணி நேரம் வகுப்பெடுத்தார். கேபினெட் கறுப்பா வெள்ளையா என்றும் கேட்டார். அவர் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி, அதில் எந்த இயங்குதளம் வேண்டும் என்பதுதான்.

நானே கேட்டேன். "விண்டோஸ்தான் சார், வேற என்ன? போட்டுக் குடுத்துடறேன்" என்றார். பட்டியலில் அதற்கு விலை எதுவும் எழுதவில்லையே என்றேன். "அதுக்கெல்லாம் காசு வேண்டாம் சார். ஆபீஸும் சேத்தே போட்டுடறேன்." அதில் வஞ்சகம் ஏதுமில்லை, வாடிக்கையாளருக்குச் செய்யும் உபசாரமாகவே சொன்னார். "வேண்டாம், ஒன்றும் போடாமல் கொடுங்கள்" என்றேன். சர்க்கரை இல்லாமல் ஜிலேபி கேட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு அங்கேயே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். இலக்கியம் பேசும் இடத்தில் கணினிக் கடைப் பேச்சு எதற்கு என்று நண்பர்கள் சிலருக்குத் தோன்றலாம். நம்மில் பெரும்பாலோர் இன்று காகிதத்தில் எழுதுவதில்லை. நம் கையெழுத்துப் பிரதி என்பது ஒரு கோப்பு. அந்தக் கோப்பு எந்த வீட்டில், எந்த வீட்டுக்காரரின் விதிகளுக்கு உட்பட்டுக் குடியிருக்கிறது என்பது இலக்கியத்துக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல.

*

நான்கு ஆண்டுகளுக்கு முன் மறைந்த நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு சிற்றிதழை ஒன்பது இதழ்கள் வரை நடத்தியவர். பத்துப் பதினைந்து சிறுகதைகள் எழுதியிருந்தார். நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருப்பதாகப் பல ஆண்டுகள் சொல்லிவந்தார். நாங்களும் பல ஆண்டுகள் அதைக் கேலி செய்துவந்தோம். அவர் போனபின் அண்ணி என்னை அழைத்து, பழைய கணினியிலிருந்து கழற்றிய வன்தட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். "அவர் எழுதுனதெல்லாம் இதுல இருக்கு தம்பி. புத்தகமாப் போடலாமான்னு பாருங்க" என்றார்.

வன்தட்டு நன்றாகவே இருந்தது. கோப்புகளும் இருந்தன. நாவல் என்ற பெயரில் ஓர் அடைவு, அதற்குள் பதினான்கு கோப்புகள். கேலி செய்தவர்கள் தலைகுனிய வேண்டியிருந்தது. ஆனால் திறந்தால் தமிழ் இல்லை. ரோமன் எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்து கிடந்த குப்பை. அவர் பயன்படுத்திய எழுத்துரு ஒரு சிறு நிறுவனம் தன் போக்கில் அமைத்தது. அந்த நிறுவனம் இப்போது இல்லை. எந்த மாற்றியும் அந்தக் குறியீட்டை அறிந்திருக்கவில்லை.

நானும் இன்னொரு நண்பரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். அச்சில் வந்திருந்த அவருடைய கதை ஒன்றை ஒருபுறம் வைத்து, அதே கதையின் கோப்பை மறுபுறம் திரையில் வைத்து, எந்தக் குறி எந்தத் தமிழெழுத்துக்கு நிற்கிறது என்று பட்டியல் தயாரித்தோம். 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்த வேலையின் மிகச் சிறிய, மிக அபத்தமான நகல் அது. அசோகருக்கும் பிரின்செப்புக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகள் இருந்தன. எங்களுக்கும் நண்பருக்கும் இடையே இருபது.

வெறும் உரைக்கோப்புகளாக இருந்தவை அனைத்தும் மீண்டன. சிறுகதைகள் கிடைத்துவிட்டன, நாவலின் ஒன்பது அத்தியாயங்களும் கிடைத்துவிட்டன. பின்னைய ஐந்து அத்தியாயங்களை அவர் பக்கம் வடிவமைக்கும் மென்பொருள் ஒன்றில் நேரடியாகத் தட்டச்சு செய்திருந்தார். அந்த மென்பொருளின் பழைய கோப்பு வடிவத்தை எங்களிடமிருந்த எதுவும் திறக்கவில்லை. "அதுல இருக்குங்கறீங்க, ஆனா தொறக்க முடியாதுங்கறீங்க. அப்படின்னா என்ன தம்பி அர்த்தம்?" என்று அண்ணி கேட்டார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

*

அவர் வைத்திருந்த இயங்குதளத்தின்மீது இந்தப் பழியைப் போடுவது நேர்மையாகாது. அவர் வேறு இயங்குதளம் வைத்திருந்தாலும் அதே எழுத்துருவையும் அத்தகைய கோப்பு வடிவத்தையும் பயன்படுத்தியிருந்தால் கதி அதுவேதான். குற்றம் மூடிய குறியீட்டிலும் மூடிய கோப்பு வடிவத்திலும் இருக்கிறது. ஆனால் எதைத் திறந்து வைப்பது, எதை மூடி வைப்பது என்ற பழக்கத்தை நமக்குள் ஏற்றுவது இயங்குதளம். நாம் எதையும் மாற்றாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. பெரும்பாலான எழுத்தாளர்கள் எதையும் மாற்றுவதில்லை.

தமிழ் கணினிக்குள் வந்த கதை பலருக்கும் நினைவிருக்கும். தொண்ணூறுகளில் எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்ற நிலை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அரசின் ஏற்பைப் பெற்றன. இணையக் குழுக்களில் விவாதித்து உருவாக்கப்பட்ட திஸ்கி இன்னொருபுறம் புழங்கியது. இத்தனைக்கும் 1991-இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. தமிழக அரசு யூனிகோடைத் தன் அலுவல் குறியீடுகளில் ஒன்றாக ஏற்க 2010 ஆயிற்று.

இயங்குதளங்கள் இதில் நடந்துகொண்ட விதம் ஒரே சீரானதல்ல. யூனிகோட் தமிழை வீட்டுக் கணினிகளுக்கு முதலில் கொண்டுவந்ததில் விண்டோஸுக்குப் பெரும் பங்கு உண்டு. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துரு வந்தது. 2001-இல் வந்த எக்ஸ்பியில் குறுந்தகட்டைப் போட்டு, மொழி அமைப்புகளுக்குள் சென்று ஒரு பெட்டியில் குறியிட்டால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அந்தச் சடங்கைத் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே தமிழ் வலைப்பதிவுகள் வளர்ந்தன. அதே காலத்தில் லினக்ஸில் கொம்பும் காலும் இடம் மாறி நின்று கண்ணைக் குத்தின. ஆனால் விண்டோஸின் நோட்பேடு 2019 வரை இயல்பாக யூனிகோடில் சேமிக்காது. எச்சரிக்கைப் பெட்டியைப் படிக்காமல் 'சரி' என்று அமுக்கினால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். யுடிஎஃப்-8 என்னும் யூனிகோட் வடிவத்தை ரெட் ஹாட் லினக்ஸ் தன் 8.0 பதிப்பில் 2002-இலேயே இயல்பிருப்பாக ஆக்கிவிட்டது. எழுத்தை வரைவதில் ஒன்று முந்தியது, எழுத்தைக் காப்பதில் மற்றொன்று முந்தியது என்று சொல்லலாம்.

இன்று வரைவதில் பெரிய வேறுபாடு இல்லை. ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல்தான் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரெ ஆபிஸ், ஆண்ட்ராய்டு அனைத்திலும் தமிழ் எழுத்துகளைக் கோத்துத் தருகிறது. ஆகவே, தமிழ் தெரியுமா என்ற பழைய கேள்வி முடிந்துபோனது. இப்போதைய கேள்வி, தமிழ் யார் பொறுப்பில் இருக்கிறது என்பது.

*

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எழுதுகிறவனின் கண்ணோடு பார்க்கலாம்.

மேக் அழகானது. முரசு அஞ்சலின் வழியாக வந்த அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் நெடுங்காலமாக அதற்குள்ளேயே இருக்கின்றன. தமிழ் எழுத இன்னொன்றை நிறுவ வேண்டியதில்லை. வாங்க வசதியுள்ளவர் வாங்கலாம். ஆனால் இயங்குதளமும் இயந்திரமும் ஒரே கையில் இருப்பதால் இரண்டின் ஆயுளையும் அந்தக் கையே தீர்மானிக்கிறது. 2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியது. 2025-இல் வெளியான டஹோ பதிப்புதான் இன்டெல் சில்லுள்ள மேக்குகளுக்குக் கடைசி என்று அறிவித்துவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் இயந்திரம் அத்தோடு பழையதாகிவிடுகிறது.

விண்டோஸில் எல்லாம் ஓடும். அச்சகத்தார் கேட்கும் இன்டிசைன் ஓடும். நம்மில் பலர் விரல்களுக்குப் பழகிப்போன என்எச்எம் ரைட்டரும் இகலப்பையும் அதற்கென்றே எழுதப்பட்டவை. இந்தக் கொடையை மறுக்கமுடியாது. ஆனால் வீட்டுக்காரரின் கை இங்கேயும் நீளமானது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. ஓராண்டு நீட்டிப்பு வழங்கப்பட்டாலும் அதன் எல்லை 2026 அக்டோபர் 13. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஏறத்தாழ 2017-க்குப் பிந்தைய செயலியும் வேண்டும். வீட்டுப் பதிப்பை நிறுவும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைத் தொடங்கச் சொல்கிறது. ஆவணங்கள் அடைவை ஒன்டிரைவுக்குக் கொண்டுபோக முனைகிறது. அங்கே இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபி. 2024 மே மாதத்தில் ரீகால் என்ற வசதி அறிவிக்கப்பட்டது. சில நொடிகளுக்கு ஒருமுறை திரையைப் படமெடுத்து நினைவில் வைத்துக்கொள்வது அதன் பணி. எதிர்ப்பு எழுந்ததும் தள்ளிவைத்து, விரும்புவோர் மட்டும் இயக்கிக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். படங்கள் நம் கணினியிலேயே இருக்கும் என்பதும் உண்மைதான். ஆயினும், அடித்துத் திருத்தி வெட்கப்பட்டு அழித்த முதல் வரைவு எங்கோ படமாக நிற்கக்கூடும் என்ற எண்ணமே எழுதுகிற கையை ஒரு கணம் தயங்கச் செய்யும்.

மூன்றாவது லினக்ஸ். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991-இல் ஹெல்சிங்கி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருநிரலும் சேர்ந்து பிறந்தது. யாரும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு வருவது. டெபியன், உபுண்டு, மின்ட் என்று பல வழங்கல்கள். அவற்றில் ஒன்று நின்றுபோனால் இன்னொன்று அதே கோப்புகளைத் திறக்கும். லிப்ரெ ஆபிஸ் இயல்பாகச் சேமிக்கும் ஓடிஎஃப் வடிவம் 2006 முதல் ஐஎஸ்ஓ தரம். அதன் இலக்கணம் அச்சிட்ட நூல்போல் எவர் கையிலும் கிடைக்கும். 2000-களின் தொடக்கத்தில் தமிழ் லினக்ஸ் என்ற பெயரில் நாடு கடந்து கூடிய தன்னார்வலர்கள் அதன் திரைமுகங்களைத் தமிழாக்கினார்கள். சிற்றிதழ் மனம் என்று நாம் சொல்வோமே, அது அச்சு உலகத்துக்கு வெளியேயும் இயங்கியதற்கு அந்த வேலையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கேரளப் பள்ளிகளில் 2000-களின் பிற்பாதியிலிருந்து கணினிக் கல்வி இத்தகைய கட்டற்ற மென்பொருளில்தான் நடந்துவருகிறது. ஆகவே, இது பொறியாளர்களுக்கு மட்டுமே உரியது என்ற பேச்சில் பொருளில்லை.

*

நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. கடைக்கார இளைஞர் சொன்ன வழி. உண்மையில் பலரும் எடுப்பது அதைத்தான்.

இதைச் சொன்னால் சிலர் வருத்தப்படுவார்கள். ஆனாலும் சொல்லியாக வேண்டும். நம் வட்டத்தில் ஒரு நாவல் பிடிஎஃப் ஆக வாட்ஸப்பில் சுற்றத் தொடங்கினால் எவ்வளவு கொதிக்கிறோம்! எழுத்தாளனின் உழைப்பு திருடப்படுகிறது, பதிப்பாளர் அழிகிறார், வாசகனுக்கு வெட்கமில்லையா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அவை அனைத்தும் நியாயமான கேள்விகள். ஆனால் அந்தக் கட்டுரைகளில் எத்தனை திருட்டு விண்டோஸில், திருட்டு வேர்டில் தட்டச்சு செய்யப்பட்டவை? நான் என்னை விலக்கிக்கொண்டு கேட்கவில்லை. நின்றுபோன என் பழைய கணினியில் பதினொரு ஆண்டும் ஓடியது அப்படிப்பட்ட படிதான். காப்புரிமையைப் பற்றி நான் எழுதிய ஒரே கட்டுரையும் அதில் எழுதப்பட்டதே.

"அவர்கள் பெரிய நிறுவனம், நம் எழுத்தாளர் ஏழை, இரண்டும் ஒன்றா?" என்று ஒரு நண்பர் வாதிட்டார். தராசின் எடை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை, எல்லோரும் செய்கிறார்கள், யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்று பிடிஎஃப் பரப்புகிறவர் சொல்லும் மூன்று காரணங்களையும் நாம் அப்படியே சொல்கிறோம். அவர் சொன்னால் ஏற்காத காரணத்தை நாம் மட்டும் சொல்லலாகாது. இதில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. பூட்டை உடைத்துப் போட்ட இயங்குதளத்தில் உடைத்தவர் வேறு எதைச் சேர்த்து வைத்தார் என்பது நமக்குத் தெரியாது. நம் ஒரே பிரதியைப் பெயர் தெரியாத ஒருவர் செய்த பூட்டுக்குள் வைக்கிறோம்.

காசு கொடுக்காமல் நேர்மையாகக் கணினி வைத்திருக்க வழியே இல்லை என்றால் இந்தப் பேச்சை நான் எடுத்திருக்கமாட்டேன். வழி இருக்கிறது. வேண்டாம் என்பதற்கு நம்மிடம் இருக்கும் காரணம் பழக்கம் ஒன்றுதான்.

*

கடைசியில் ஒன்றும் போடாத கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து லினக்ஸ் மின்ட் நிறுவினேன். யுஎஸ்பி ஒன்றில் ஏற்றி அரைமணி நேரத்தில் முடிந்தது. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப் பொறி அமைப்பு மூன்றும் கிடைத்தன. தட்டச்சுப் பள்ளியில் பயின்ற தலைமுறைக்கு அந்தக் கடைசிச் செய்தி ஆறுதல் தரக்கூடும்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். பழைய ஸ்கேனரை அடையாளம் காட்ட ஒரு முழு மாலை போயிற்று. மகளின் கட்டுரையில் இருந்த அட்டவணைகள் அடுத்த பக்கத்துக்கு நழுவின. "அப்பா, எனக்கு மார்க் குறைஞ்சா உங்க லினக்ஸ் வந்து பதில் சொல்லுமா?" என்றாள். பிடிஎஃப் ஆக்கி அனுப்பியதும் சமாதானமானாள். அவளுக்கு ஒரு தேர்வு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்று தெரியவந்தால் உரிமம் வாங்கி, வன்தட்டின் ஒரு பகுதியில் விண்டோஸை வைத்துத் தருவதாக ஒப்பந்தம். மனைவிக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. உலாவி அதே உலாவி.

லினக்ஸ் எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பக்க வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவருக்கு ஸ்கிரைபஸ் இன்னமும் இன்டிசைனுக்கு ஈடாகாது. எண்முறைக் கையொப்பச் சாதனங்களோடு அன்றாடம் போராடும் கணக்காளருக்கு விண்டோஸ் தேவைப்படலாம். அவர்கள் விலைகொடுத்து வாங்கட்டும், நிம்மதியாகப் பயன்படுத்தட்டும். ஆனால் எழுதுவதும் படிப்பதும் மின்னஞ்சல் அனுப்புவதுமே கணினியின் வேலையாக இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, விண்டோஸ்தான் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் எனக்குத் தென்படவில்லை. எந்த இயங்குதளத்தில் இருந்தாலும் செய்யவேண்டியவை இரண்டு: எழுதுவது யூனிகோடில் இருக்கவேண்டும், ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு பிரதி வெறும் உரைக்கோப்பாக, இன்னொரு தட்டிலும் இருக்கவேண்டும். பழைய எழுத்துருவில் கிடப்பவற்றை, அந்த எழுத்துருவை அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

நண்பரின் ஒன்பது அத்தியாயங்களை இப்போது இந்தக் கணினியில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முற்றுப்பெறாத நாவலாகவே அது வெளிவரும். பின்னைய ஐந்து கோப்புகளையும் அழிக்காமல் அதே அடைவில் வைத்திருக்கிறேன். என்றாவது அவற்றைத் திறக்க எவரேனும் வழி கண்டால் சொல்லுங்கள்.

அடுத்தமுறை நீங்கள் கணினி வாங்கும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்கமாட்டார். நீங்கள் கேளுங்கள்.